எல்வா ஆற்று அணைகளும் மீன்களின் பாத்தியதையும்

அமெரிக்கா தேசத்தின் மேற்குக் கடற்கரை ஓரமாய் வாஷிங்டன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. (ஜனாதிபதி வசிக்கும் வாஷிங்டன் நகரம் வேறு, அது கிழக்கே இருக்கிறது.) இந்த மாகாணத்தில் எல்வா என்ற ஆற்றின் குறுக்கே 1913-ம் வருஷத்தில் ஒன்றும், 1927-ம் வருஷத்தில் ஒன்றுமாகக் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு பெரிய அணைக்கட்டுகளை, அந்நாட்டுச் சர்க்கார் 2000-ம் வருஷத்தில் ஏறக்குறைய 3 கோடி டாலர் கொடுத்து விலைக்கு வாங்கி, 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இடிக்க ஆரம்பித்து, 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அடியோடு இடித்து முடித்தார்கள். எதற்காக என்றால், கடலிலிருந்து மீன் ஆற்றிலே ஏறிப் போவதற்கு வழிவிடுவதற்காக.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். "கட்டின அணையை மீனுக்காக இடிப்பார்களா? பணம் கொழுத்துப் போனவர்கள் செய்கிற பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லத் தோன்றும். "இது விஞ்ஞானத்துக்கும் முன்னேற்றத்துக்கும் விரோதமான காரியமல்லவா? பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதை எப்படி ஒப்புக்கொள்ளலாம்?" என்று நம்மையே கேட்கிற தோழர்களும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இந்த அணை எப்படிக் கட்டப்பட்டது, யார் கட்டினார்கள், யாருடைய சோற்றில் கை வைத்துக் கட்டினார்கள் என்ற சங்கதிகளைத் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லவேண்டும். சால்மன் என்று ஒரு ஜாதி மீன். அது ஆற்று நீரிலே, கூழாங்கல் நிறைந்த குளிர்ந்த ஓடைகளில் முட்டையிட்டுப் பொரிகிறது. குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கடலிலே சில வருஷங்கள் மேய்ந்து பெருத்த பிறகு, தான் பிறந்த அதே ஆற்றைத் தேடிக் கொண்டு வந்து, வெள்ளத்தை எதிர்த்து ஏறி, பிறந்த இடத்துக்கே போய் முட்டையிடும். பிறந்த ஆற்று நீரின் வாசனையைக் கொண்டே இது வழி கண்டுபிடிக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பரீட்சை செய்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பசிபிக் கடல் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் அங்கேயே செத்துப் போகும். செத்த மீனைக் கரடி தின்னும், பறவை தின்னும், மிச்சம் அழுகி மரத்துக்கு உரமாகும். கடலில் விளைந்த சத்தை மலைக்குச் சுமந்துகொண்டு வந்து கொட்டுகிற வேலையை வருஷந்தோறும் இந்த மீன்கள் கூலியில்லாமல் செய்து வந்தன. எல்வா ஆறு 45 மைல் நீளந்தான் என்றாலும், அணைக்கு முன் வருஷத்துக்கு 4 லட்சம் மீன் வரையில் அதில் ஏறிவந்திருக்கும் என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் சினூக் என்ற வகை மீன் ஒன்றே 100 பவுண்டு நிறை கூட இருக்குமாம்.

அந்த மீனை நம்பி ஆற்றின் முகத்துவாரத்தில் குடியிருந்தவர்கள் கிளாலம் என்ற ஆதிக்குடி மக்கள். 1855-ம் வருஷத்தில் இவர்களுடைய பூமியை அமெரிக்க சர்க்கார் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டபோது, "பூமி எங்களுக்கு, ஆனால் நீங்கள் வழக்கமாய் மீன் பிடித்துவந்த இடங்களில் மீன் பிடிக்கும் பாத்தியதை உங்களுக்கு" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது நாடு போயிற்று, மீன் மாத்திரம் மிஞ்சிற்று.

நிற்க, இப்பொழுது அணைக் கதைக்கு வருவோம். தாமஸ் ஆல்ட்வெல் என்பவர் 1890-ம் வருஷத்தில் போர்ட் ஏஞ்சலஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தவர். ஆற்றின் குறுகலான பள்ளத்தைப் பார்த்ததும் மின்சாரம் எடுக்கலாம் என்று தோன்றிற்று. இருபுறத்து நிலத்தையும் கொஞ்சங் கொஞ்சமாய் வாங்கினார், கூட்டாளி சேர்த்தார், கம்பெனி ஆரம்பித்தார், 1910-ல் வேலையைத் தொடங்கிவிட்டார். புத்திசாலி மனிதர், உழைப்பாளி என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாகாணத்தில் 1890-ம் வருஷம் முதலே ஒரு சட்டம் இருந்தது. மீன் ஏறுகிற ஆற்றில் எவன் அணை கட்டினாலும் மீன் போக வழி வைத்துத்தான் கட்டவேண்டும் என்பது அந்தச் சட்டம். படிப்படியாய்த் தொட்டிகள் கட்டித் தண்ணீர் விட்டால் மீன் ஒவ்வொன்றாய்த் துள்ளி ஏறிப் போய்விடும். அதற்கு மீன் ஏணி என்று பெயர். ஆல்ட்வெல் கம்பெனியார் 108 அடி உயரத்துக்கு அணையை எழுப்பினார்கள். மீனுக்கு ஒரு அடி வழியும் வைக்கவில்லை. கடலிலிருந்து 5 மைல் தூரத்தில் மீன்களுக்கு நேரே ஒரு சுவர் நின்றது. அதற்கு மேலே கிளை ஓடைகளையும் சேர்த்து 70 மைலுக்கு அதிகமான முட்டையிடும் இடம் ஒரே நாளில் மூடப்பட்டது.

அந்த அணையின் யோக்கியதை என்னவென்றால், அதன் அஸ்திவாரம் பாறையில் ஊன்றப்படவில்லை. ஆற்றுச் சரளைமேலேயே கட்டடத்தை எழுப்பிவிட்டார்கள். 1912-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தண்ணீர் தேங்கினதும் அடியைப் பிய்த்துக்கொண்டு வெள்ளம் புறப்பட்டுவிட்டது. மேலே சுவர் அப்படியே நிற்கிறது, அடியிலே ஆறு ஓடுகிறது! பிறகு பாறையையும் மரக்கிளைகளையும் மண்ணையும் கொட்டி ஓட்டையை அடைத்தார்கள். அப்படி அடைத்த அணைதான் அதற்குப் பிறகு 100 வருஷத்துக்குச் சமீபம் வரையில் நின்றது. அதன் கீழே குடியிருந்தவர்கள் அந்த ஆதிக்குடிகளே.

சட்டத்தை மீறினவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். தண்டனை கிடைக்கவில்லை, சட்டத்துக்குத்தான் தண்டனை கிடைத்தது. மாகாணத்து மீன் இலாகாத் தலைவராயிருந்த லெஸ்லி டார்வின் என்பவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். அணைக்குப் பக்கத்திலே மீன்குஞ்சு பொரிக்கிற நிலையம் ஒன்றை வைத்துவிட்டால், அந்த அணையை "பொரிப்பு நிலையத்துக்காக மீனைப் பிடிக்கச் சர்க்கார் வைத்த தடை" என்று சொல்லிக்கொள்ளலாமாம்! அப்படிச் சொன்னால் சட்டப்படி குற்றமில்லையாம்! பிறகு 1915-ல் சட்டத்தையே திருத்தி, மீனுக்கு வழிவிடுவதற்குப் பதிலாகப் பொரிப்பு நிலையம் வைத்தால் போதும் என்று செய்துவிட்டார்கள். சட்டத்துக்குத் தகுந்தபடி அணை கட்டவேண்டியது போய், அணைக்குத் தகுந்தபடி சட்டம் கட்டப்பட்டது. அந்தப் பொரிப்பு நிலையமாவது நிலைத்ததா? 1922-ம் வருஷத்தில் அதையும் கைவிட்டுவிட்டார்கள். நிலையம் போயிற்று, அணை போகவில்லை. அதுவும் போதாதென்று 1927-ல் எட்டு மைலுக்கு மேல் உள்ளே தள்ளி, 210 அடி உயரத்தில், மீன் வழி இல்லாமலே இரண்டாவது அணையும் எழும்பிற்று.

இதற்கு நேர் எதிரே மற்றொரு காட்சியைப் பார்க்கவேண்டும். அதே மாகாணத்தில் ஆதிக்குடிகள் தங்கள் பாட்டன் காலத்து ஆற்றில் வலை போட்டதற்காகப் போலீசாரும் மீன் காவலரும் அவர்களைப் பிடித்தார்கள், வலையைப் பறிமுதல் செய்தார்கள், ஜெயிலில் வைத்தார்கள். 1960-ம் வருஷங்களில் கூட இது தடபுடலாய் நடந்திருக்கிறது. காரணம் கேட்டால் "மீன் குறைந்துபோய்விட்டது, காப்பாற்றவேண்டும்" என்றார்கள்! ஆறு பூராவையும் அடைத்தவன் தொழில் வளர்த்த பெரிய மனிதன். பத்து மீன் பிடித்தவன் மீன் குலத்தை நாசம் செய்த குற்றவாளி. அமெரிக்காவின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் பிரஜா உரிமை உண்டு என்று சட்டம் வந்ததே 1924-ல்தான். அதாவது முதல் அணை கட்டி 11 வருஷத்துக்குப் பிறகு. சொந்த நாட்டிலேயே பிரஜையாக மதிக்கப்படாதவனிடம் போய் "உன் ஆற்றை அடைக்கலாமா?" என்று யார் கேட்பார்கள்?

1974-ம் வருஷத்தில் ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதி அந்தப் பழைய உடன்படிக்கைகளை எடுத்துவைத்துப் படித்துப் பார்த்து, பிடிக்கத்தக்க மீனில் பாதி இந்த ஆதிக்குடிகளைச் சேரவேண்டியது என்று தீர்ப்புச் சொன்னார். தைரியமான தீர்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்வா ஆற்றுக்காரனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 4 லட்சம் மீன் ஏறின ஆற்றில் சில ஆயிரங்கள்தான் மிஞ்சியிருந்தன. இல்லாத மீனில் பாதி எவ்வளவு? ஆகவே தான் அவர்கள் பங்கு கேட்பதோடு நிற்காமல், அணையை எடு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இனி, அணை என்றால் முன்னேற்றம், அதை எடுப்பதென்றால் பிற்போக்கு என்கிற வாதத்தைக் கவனிப்போம். நம் நாட்டிலும் 1954-ம் வருஷத்தில் நங்கலில் பேசிய ஜவஹர்லால் நேரு அவர்கள், இத்தகைய பெரிய வேலைகளே இக்காலத்துக் கோயில்கள் என்ற கருத்துப்படப் பேசினார். மனிதன் உழைப்பைப் பெருமைப்படுத்தத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்றாலும், கோயில் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு கணக்குக் கேட்க ஆள் இல்லாமல் போய்விடும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதியேயாகும். அவரே 1958-ல், எதையும் பிரம்மாண்டமாய்க் கட்டவேண்டும் என்கிற ஆசை ஒரு வியாதி என்ற முறையில் பேசும்படி நேர்ந்தது. அணை என்பது கும்பிடுவதற்கான வஸ்துவல்ல. அது ஒரு கருவி. ஏர் மாதிரி, வண்டி மாதிரி, தையல் யந்திரம் மாதிரி ஒரு கருவி. அச்சு முறிந்த வண்டியைப் பாட்டன் ஓட்டினது என்பதற்காக எவனும் வீதியிலே நிறுத்தி வைத்திருப்பதில்லை. எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, வருவது யாருக்கு, போவது யாருடையது என்று கணக்குப் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

எல்வா அணைகளின் கணக்கு என்ன? அவை ஒரு ஏக்கர் நிலத்துக்கும் பாசனம் செய்யக் கட்டப்பட்டவையல்ல. மின்சாரத்துக்காகவே கட்டினார்கள். ஆரம்பத்தில் அந்த மின்சாரம் ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் உபயோகப்பட்டது, அந்தப் பக்கத்து நகரங்கள் அதனால் வளர்ந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் இரண்டு அணைகளின் மின்சாரமும் சேர்ந்து ஒரே ஒரு காகித ஆலையின் தேவையில் ஒரு பகுதிக்குத்தான் போதுமானதாயிருந்தது. அந்த ஆலைக்கும் வேறு இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்துவிட ஏற்பாடு செய்தார்கள். மீன் ஏணி கட்டினால் போதாதா என்றும் ஆராய்ந்து பார்த்தார்கள். ஏணியினால் கொஞ்சம் மீன் ஏறும், ஆறு பழையபடி ஆகவேண்டுமானால் இரண்டு அணைகளையும் எடுப்பதைத் தவிர வழியில்லை என்று 1994-ம் வருஷத்து அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள். அணையை எடுக்க வகை செய்யும் சட்டம் 1992-லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் முதல் கல் பெயர்ந்தது 2011-ல். ஓர் அணையைக் கட்ட மூன்று வருஷம் பிடித்தது, இடிக்கலாம் என்று முடிவு செய்த பிறகு இடிக்க ஆரம்பிக்க 19 வருஷம் பிடித்தது.

இதைப் படித்துவிட்டு, ஆகையால் மேட்டூர் அணையை இடிக்கச் சொல்லுகிறீர்களா என்று யாராவது கிளம்பக்கூடும். அப்படி நாம் சொல்லவில்லை. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை நம்பித் தஞ்சை ஜில்லாப் பக்கத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் பயிராகிறது, அந்தக் கணக்கு வேறு. ஆனால் அந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் விட்டுப்போன ஒரு வரி உண்டு. கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறிவந்த உல்லம் மீனுக்கு அணைக்கட்டுகள் தடையாயிருப்பதைப் பற்றி, மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் 1873-ம் வருஷத்திலேயே எழுதியிருக்கிறார். மேட்டூர் அணைக்குப் பிறகு காவிரியில் உல்லம் அடியோடு விழுந்துவிட்டது. வங்காளத்தில் 1975-ல் பராக்கா அணை வந்த பிறகு, கங்கையில் அலகாபாத் வரையில் ஏறிக்கொண்டிருந்த அதே மீனுக்கு அதே கதிதான். உல்லத்தைப் பிடித்துப் பிழைத்த செம்படவனுக்கு அணை கட்டியபோது என்ன ஈடு கொடுத்தார்கள்? நெல்லுக்காரனுக்குத் தண்ணீர் வரவேண்டியது நியாயந்தான், அதற்காக மீன்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்னவென்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

இனி எல்வாவில் நடந்த மற்றொரு சங்கதி. கிளாலம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆற்றங்கரையில் ஒரு பாறையில் இருக்கும் குழிகளில்தான் தங்களைப் படைத்தவன் தங்களைக் குளிப்பாட்டி உண்டாக்கினான் என்பார்கள். முதல் அணை கட்டினதும் அந்த இடம் ஏரிக்குள் மூழ்கிவிட்டது. அப்படி ஓர் இடமே கிடையாது, கிழவிகள் கட்டிவிட்ட கதை என்று கேலி செய்தவர்களும் உண்டு. 2012-ல் ஏரி வற்றியதும் பாறை வெளியே வந்தது, குழிகளும் இருந்தன! அந்தப் பக்கத்தில் 8,000 வருஷங்களுக்கு முன்பே மனிதர்கள் புழங்கிய அடையாளங்களையும் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். படைத்தவன் ஒருவன் பாறைக்குழியில் மனிதனைக் குளிப்பாட்டினான் என்பதை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. எந்த ஜாதியார் சொன்னாலும், எந்தக் கண்டத்தில் சொன்னாலும் நமக்கு அது கதைதான். ஆனால் ஒருவனுடைய கதை பொய் என்பதால் அவனுடைய வீட்டைத் தண்ணீரில் முக்கிவிட மற்றொருவனுக்கு அதிகாரம் வந்துவிடுமா? தவிரவும், 8,000 வருஷத்துக் குடித்தனத்துக்கு அத்தாட்சி கிடைத்த பிறகு, அந்த ஆற்றங்கரைக்கு யார் பழைய பாத்தியதைக்காரர் என்பதற்கு எந்தப் படைப்புக் கதையும் வேண்டியதில்லை.

இடித்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு ஏரிகளிலும் 2 கோடி கன மீட்டருக்கு அதிகமான மணலும் சேறும் தேங்கிக் கிடந்தன. அவற்றில் பெரும் பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்த்தது. பல வருஷங்களாய் மணல் வராமல் கரைந்து கல்லாய்க் கிடந்த முகத்துவாரத்தில் மறுபடி மணற்கரை உண்டாயிற்று. கொஞ்ச காலத்துக்கு ஆறு முழுவதும் ஒரே கலங்கல். அந்தக் கலங்கலிலிருந்து ஊர்க் குடிதண்ணீரைக் காப்பாற்றும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. மொத்தச் செலவு 32 கோடி டாலருக்கு மேல் என்றால், அதில் அணையை இடிக்கும் கன்டிராக்டு 3 கோடி டாலருக்குள்தான். 2012-லேயே சினூக் சால்மன்கள் முதல் அணை இருந்த இடத்தைத் தாண்டி ஏறிவிட்டன. மேலணை இருந்த பள்ளத்தில் பாறைகள் விழுந்து வழியை அடைத்துக்கொண்டிருந்ததால், அவற்றை வெடி வைத்துத் தகர்க்கும்படியும் ஆயிற்று. எல்லா ஜாதி மீனும் ஒரே மாதிரி திரும்பிவிட்டதாய்ச் சொல்லமுடியாது; சிலவகை வேகமாய்ப் பெருகுகிறது, சிலவகை இன்னமும் சொற்பமே. மீன் பெருகட்டும் என்று கிளாலம் மக்கள் 2011 முதல் தாங்களாகவே ஆற்றில் வலை போடாமல் இருந்தார்கள். மீன் இல்லாமல் செய்தவன் அவர்களைப் பார்த்து "மீனைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்த காலத்தையும், இதையும் சேர்த்து வாசகர்கள் பார்க்கவேண்டும். 12 வருஷம் கழித்து, 2023-ல்தான் கொஹோ என்ற வகை மீனை ஒரு சிறிய அளவுக்குள், தங்கள் சாப்பாட்டுக்கும் சடங்குக்குமாகப் பிடித்தார்கள். அணையை எடு என்று முதலில் கேட்டவர்களில் அநேகர் அதற்குள் கிழடாகிச் செத்துப் போனார்கள்.

இது எல்வாவோடு நிற்கவில்லை. அதற்குத் தெற்கே ஆரகன், கலிபோர்னியா என்ற இரண்டு மாகாணங்களிலும் ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் மீனை மறித்து நின்றன. 2002-ம் வருஷத்தில் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் குறைந்து, சூடேறி, நோய் கண்டு 30,000 மீனுக்கு மேல் செத்து மிதந்தன. அதைப் பார்த்த யூரோக், காருக் முதலிய ஆதிக்குடி மக்கள் சும்மா இருக்கவில்லை. அணைக் கம்பெனி அப்பொழுது ஸ்காட்லாந்து முதலாளிகளுக்குச் சொந்தமாயிருந்தபடியால், 2004-ல் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கே போய்ப் பங்குதாரர் கூட்டத்துக்கு முன் நின்று கேட்டார்கள். பிறகு கம்பெனி வாரன் பப்பெட் என்ற பெருஞ்செல்வர் கைக்கு மாறினபோது, அவருடைய கூட்டம் நடக்கும் ஓமாகா நகரத்துக்கும் போனார்கள். கடைசியில் கம்பெனிக்காரர்களே கணக்குப் போட்டுப் பார்த்ததில், மீன் ஏணி கட்டுவதைவிட அணையை விட்டுவிடுவதே செலவு குறைவு என்று தெரிந்தது. நியாயத்துக்கு அசையாதவர்கள் கணக்குக்கு அசைந்தார்கள். 2022-ம் வருஷம் நவம்பரில் அனுமதி கிடைத்தது. 2023-ல் ஒன்றும் 2024-ல் மூன்றுமாக நான்கு அணைகளும் எடுக்கப்பட்டன. இடிப்பு வேலை முடிந்த அதே மாதத்தில், 2024-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, அணைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஆரகன் மாகாணத்து ஓடை ஒன்றில் சினூக் சால்மன் நீந்துவதை மீன் இலாகாக்காரர்கள் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அந்த மீன் வந்து 1912-ம் வருஷத்தோடு நின்றுபோயிருந்தது.